‘ஹாபர்’ என்றால் துறைமுகம் மட்டும்தானா?

திருகோணமலையில் சாதாரண தர மாணவர்களுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக ஒருநாள் கரும்பலகையில் எழுதிய வாக்கியங்களுள் ஒன்று, ஒரு பெண் தன் தமையன்மீது பல ஆண்டுகளாக மனக்கசப்பை வைத்திருந்தாள் என்று பொருள்படுவது. அதில் வந்த வினைச்சொல் ‘ஹாபர்’. வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்த மாணவி ஒருத்தி, ‘அவள் தன் அண்ணன்மீது கசப்பைத் துறைமுகப்படுத்தினாள்’ என்று எழுதிக் கொண்டுவந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளுக்கு முகம் கறுத்துப்போனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “சேர், ஹாபர் எண்டா துறைமுகம்தானே? உட்துறைமுக வீதியாலதானே ஒவ்வொரு நாளும் வாறன், பெயர்ப்பலகையில அப்படித்தானே போட்டிருக்கு?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயம். இந்த ஊரில் அந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ள அகராதி வேண்டியதில்லை. ‘அவர் ஹாபரில வேலை’ என்றால் துறைமுக அதிகார சபையில் வேலை செய்கிறார் என்று பொருள். ‘டொக்யாட்’ என்றால் கடற்படைத்தளம். பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளைக்கும் இவை தெரியும். ஆனால் துறைமுகம் என்பது அந்தச் சொல்லுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த பொருள். வேர் வேறிடத்தில் இருக்கிறது. அந்த வேரைப் பிடித்துக்கொண்டால் மனக்கசப்பும் கப்பலும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பது விளங்கும். கூடவே இன்னொன்றும் விளங்கும். உலகின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தும் திருகோணமலை ஏன் ஒரு கொழும்பாகவில்லை என்று இங்கே தேநீர்க் கடைகளில் ஓயாமல் கேட்கப்படும் கேள்வி, பாதியளவு ‘ஹாபர்’, ‘போர்ட்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒன்றென்று நினைப்பதால் எழுவது.

பழைய ஆங்கிலத்தில் ‘ஹெரெ’ என்றால் படை. ‘பெயோர்க்’ என்றால் காப்பு, மறைவு. இரண்டும் இணைந்த ‘ஹெரெபெயோர்க்’ படை தங்கும் இடத்தைக் குறித்தது. ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நோர்ஸ் மொழியிலும் இதே கூறுகளால் ஆன ‘ஹெர்பெர்கி’ என்ற சொல் இருந்தது. இங்கிலாந்தில் குடியேறிய வட நாட்டவர் வாயிலிருந்துதான் ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எவ்வாறாயினும் கூறுகள் இரண்டும் ஜெர்மானிய மொழிக் குடும்பம் முழுவதற்கும் பொதுவானவை. ‘ஹெரெ’ இன்று தனிச்சொல்லாக ஆங்கிலத்தில் இல்லை. ஹரோல்ட், வால்டர் முதலிய ஆட்பெயர்களுக்குள்ளும், ஒரு நாட்டின்மீது மீண்டும் மீண்டும் பாய்ந்து சூறையாடுவதைக் குறிக்கும் ‘ஹரி’ என்ற வினைக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. ஹம்பேர்க், எடின்பரோ, காண்டர்பரி என்ற ஊர்ப்பெயர்களின் ஈற்றில் அரணுள்ள ஊரைக் குறித்து நிற்கும் விகுதி ‘பெயோர்க்’கின் உறவு. ஆக, சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கடல் இல்லை, கப்பல் இல்லை, ஒரு துளி நீர்கூட இல்லை. நடந்து களைத்த படை இரவு தங்கிப்போகும் இடம், அவ்வளவுதான்.

இந்த ஆங்கிலச் சொல்லைக் கூறு கூறாகத் தமிழில் பெயர்த்தால் கிடைப்பது ‘படைவீடு’. படை, வீடு, ஹெரெ, பெயோர்க். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே கட்டுமானத்தில் ஒரே பொருளுக்குச் சொல் செய்திருக்கின்றன. வீடு என்பதற்கு இங்கே குடியிருக்கும் மனை என்பதைவிட விட்டு இறங்கித் தங்கும் இடம் என்பதே பொருத்தமான பொருள். அதன்பிறகு இரண்டு சொற்களும் வேறு வேறு திசையில் போயின. தமிழ்ப் படைவீடு முருகனின் கோயில்களுக்கு உரியதாயிற்று. திருச்செந்தூரில் முருகன் சூரனோடு பொருதப் படையுடன் தங்கினான் என்ற கதை அந்தப் பெயருக்கு இடங்கொடுத்தது. ‘ஆற்றுப்படை வீடு’ என்பதே திரிந்து ‘ஆறுபடை வீடு’ ஆயிற்று என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்குக்குள் இங்கே நுழையவேண்டாம். தமிழ்ச்சொல் தெய்வத்திடம் போய்ச் சேர, ஆங்கிலச்சொல் சத்திரத்துக்கும் அங்கிருந்து கடற்கரைக்கும் போனது.

சத்திரம் என்று சொன்னதற்கு ஆதாரம் ஐரோப்பா முழுவதும் இறைந்து கிடக்கிறது. ஜெர்மன் மொழியில் ‘ஹெர்பெர்கெ’ என்றால் விடுதி; ஊர் சுற்றும் இளைஞர் தங்கும் மலிவான விடுதிகளுக்கு இன்றும் அதுவே பெயர். ஜெர்மானியரிடமிருந்து பிரெஞ்சுக்குப் போய் ‘ஓபெர்ஜ்’ என்று வழிப்போக்கர் சத்திரமாயிற்று. இத்தாலியில் ‘அல்பெர்கோ’ என்று பலகை தொங்கினால் அது ஹோட்டல். ஐஸ்லாந்தில் ‘ஹெர்பெர்கி’ இன்னும் சுருங்கி, வீட்டுக்குள் இருக்கும் ஓர் அறை என்ற அளவில் நின்றுவிட்டது. இந்தச் சொற்கள் எவற்றிலும் கப்பல் கிடையாது. கப்பலைக் கொண்டுவந்து இந்தச் சொல்லுக்குள் கட்டியது ஆங்கிலம்.

அது ஒரே நாளில் நடக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய காண்டர்பரிக் கதைகளின் முன்னுரைப் பகுதியில் ‘ஹெர்பெர்வெ’ என்ற பழைய வடிவம் வருகிறது. யாத்திரிகர்கள் கூடியிருக்கும் சத்திரத்தைப் பற்றிச் சத்திரக்காரன் பேசும்போதும் அந்தச் சொல்லே. கப்பலோட்டி ஒருவனின் கடலறிவைப் புகழும்போது, கப்பல் ஒதுங்கும் இடங்களை அவன் அறிந்து வைத்திருப்பதற்கும் அதே சொல்லே. ஒரே ஆசிரியர், ஒரே பகுதி, இரண்டு பொருள். படைக்குத் தங்குமிடம் வழிப்போக்கனுக்குத் தங்குமிடமாகி, அது காற்றுக்கும் அலைக்கும் தப்பி வரும் கப்பலுக்குத் தங்குமிடமாக விரிந்துகொண்டிருந்த காலத்தை அங்கே கண்ணால் பார்க்கலாம். பின்னர் சத்திரப் பொருள் மெல்லத் தேய்ந்தது; விருந்தினரைத் தங்கவைக்கும் இடத்துக்கு வேறு சொற்கள் வந்து உட்கார்ந்துகொண்டன; பெயர்ச்சொல்லாகக் கப்பல் மட்டும் மிஞ்சியது.

இதே வேரிலிருந்து பிரிந்த இன்னொரு சொல்லையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலப் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடும் ‘ஹாபிஞ்சர்’ இதன் உடன்பிறப்பு. அரசனோ படையோ ஓர் ஊருக்கு வரும் முன்னர், அவர்களுக்குத் தங்குமிடம் ஒழுங்குசெய்ய முன்கூட்டியே அனுப்பப்பட்ட ஆளுக்குப் பழைய பிரெஞ்சு வழியாக வந்த பெயர் அது. இடையில் இருக்கும் மூக்கொலி முதலில் இருந்ததன்று, பிற்காலத்தில் நுழைந்தது. அந்த ஆள் வந்துவிட்டால் பின்னாலேயே படை வரப்போகிறது என்று ஊர் அறிந்துகொள்ளும். ஆள் போய், அறிகுறி என்ற பொருள் மட்டும் நின்றது. தமிழில் ‘கட்டியம் கூறுதல்’ என்பதும் இப்படி ஓர் ஆளிலிருந்து ஓர் அறிகுறிக்கு நகர்ந்த வழக்குத்தான். அரசன் வரவை முன்னே அறிவித்த கட்டியக்காரன் மறைந்துவிட்டான். ஆனால் கார்த்திகை இருட்டும் ஈரக்காற்றும் மழைக்குக் கட்டியம் கூறுகின்றன என்று இன்றும் எழுதுகிறோம். மொழிபெயர்ப்பாளர்கள் ‘ஹாபிஞ்சர்’ என்பதற்கு ‘முன்னோடி’ என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. முன்னோடி வழிகாட்டுபவர், இது வரப்போவதை அறிவிப்பது.

எழுத்துக்கூட்டலைப் பற்றி ஒரு சொல். பிரித்தானிய வழக்கில் ஈற்றசையில் ஓர் ‘யூ’ உண்டு. அமெரிக்கர் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே அமெரிக்கரின் பேர்ல் ஹாபருக்கு ‘யூ’ இல்லை, சிட்னி ஹாபருக்கு உண்டு. அவுஸ்திரேலியாவிலேயே விக்டர் ஹாபர் என்ற ஊர் ‘யூ’ இல்லாமல் எழுதப்படுவது வேடிக்கை. இலங்கையில் பிரித்தானிய முறையே செல்லும்.

இனி ‘போர்ட்’ என்ற சொல்லுக்கு வருவோம். இதுவும் ‘ஹாபர்’ போலவே துறைமுகம் என்று நம் அகராதிகளில் இருக்கிறது. குழப்பத்தின் ஊற்று இங்கேதான். ‘போர்ட்’ இலத்தீனின் ‘போர்த்துஸ்’ என்பதிலிருந்து வந்தது. வாயிலைக் குறிக்கும் ‘போர்த்தா’ அதன் நெருங்கிய உறவு. ஊடே புகுந்து செல்லுதல் என்பதே இரண்டுக்கும் அடியில் இருக்கும் கருத்து. வாய்ப்பைக் குறிக்கும் ‘ஒப்பர்சூனிட்டி’ என்ற சொல்கூட, கப்பலைத் துறையை நோக்கித் தள்ளும் காற்றைக் குறித்த இலத்தீன் வழக்கிலிருந்து பிறந்ததுதான். ஆகவே ‘போர்ட்’ ஒரு வாசல்: பண்டம் இறங்கும், ஏறும், தீர்வை அறவிடப்படும், ஆள் வருவார், போவார். ‘ஹாபர்’ ஒரு மறைவு: கப்பல் காற்றுக்குத் தப்பி நிற்கும், அவ்வளவே. பண்டமே இறங்காத இடமும் ஹாபராக இருக்கலாம். பருவக்காற்றில் நிற்க முடியாத திறந்த கடலோரமும், பண்டம் ஏறி இறங்கினால், போர்ட் என்ற பெயரைப் பெறலாம். பெரும்பாலான ஊர்களில் இரண்டும் ஒரே இடத்தில் அமைந்துவிடுவதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. திருகோணமலையில் மட்டும் அது பளிச்சென்று தெரியும்.

தெரிந்துகொள்ள விரும்புபவர் வாடைக்காற்றுக் காலத்தில், மார்கழி வாக்கில், கோணேசர் கோயிலுக்கு ஏறிப்போய்க் கிழக்கே பார்க்கவேண்டும். இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவுக்குக் கீழே கடல் பாறையில் அறைந்து நுரைக்கும் ஓசை, கோயில் மணியையும் மீறிக் கேட்கும். 7ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடிய ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை’ இந்தப் பக்கத்துக் கடல்தான். குரைகடல் என்றால் ஒலிக்கும் கடல். அங்கிருந்து இறங்கி, கோட்டை வாசலைக் கடந்து, ஊரின் குறுக்கே நடந்தால் சிறிது நேரத்தில் உட்துறைமுகக் கரைக்கு வந்துவிடலாம். அதே நாள், அதே காற்று. ஆனால் இங்கே நீர் அசையாமல் கிடக்கும். கரையில் வள்ளத்தை இழுத்துவிட்டு வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் ஒருமுறை இதைச் சொல்லி வியந்தபோது அவர் தலை நிமிராமலே, “வெளியில கடல் என்ன ஆட்டம் ஆடினாலும் தம்பி, உள்ளுக்க தட்டில ஊத்தின தண்ணி மாதிரித்தான் கிடக்கும்” என்றார். ‘ஹாபர்’ என்பதற்கு நான் கேட்ட விளக்கங்களுள் இதைவிடச் செப்பமானது இல்லை.

தட்டில் ஊற்றிய தண்ணீராகக் கிடப்பதற்குக் காரணம் நில அமைப்பு. உட்துறைமுகம் நேரே பெருங்கடலுக்குத் திறக்கவில்லை. ஒடுங்கிய வாயில் வழியாகக் கொட்டியாரக் குடாவுக்குத் திறக்கிறது, குடாதான் பெருங்கடலுக்குத் திறக்கிறது. சுற்றிலும் காடு மூடிய குன்றுகள் காற்றை மறிக்கின்றன. கரைக்கு அண்மையிலேயே ஆழம் இருப்பதால் பெரிய கப்பல்கள் உள்ளே வரலாம். மகாவலியின் ஒரு கிளை குடாவில் கலக்குமிடத்தில் கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. கடல் ஏற்றவற்றத்தின் வேறுபாடும் இந்தத் தீவைச் சுற்றி மிகச் சிறிது, ஒரு மீற்றர்கூட இல்லை. எந்த நேரத்திலும், எந்தப் பருவத்திலும் கப்பல் நுழையலாம், நிற்கலாம்.

பாய்க்கப்பல் காலத்தில் இந்த ‘நிற்கலாம்’ என்ற சொல்லின் விலை பெரியது. தென்னிந்தியாவின் கிழக்குக் கரையில் பிரித்தானியருக்குச் சென்னப்பட்டினமும் பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரியும் இருந்தன. வணிகம் செழித்த இரண்டும் திறந்த கடலோரங்கள். கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலையைக் கிழித்துக்கொண்டு பண்டங்களைக் கரைக்குக் கொண்டுவரும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் கடற்படைக் கப்பல்கள் அங்கே நிற்க முடியாது. தீவைச் சுற்றிக்கொண்டு பம்பாய்வரை போகவேண்டும். போனால் அந்தச் சில மாதங்கள் கிழக்குக் கரை முழுவதும் காவலின்றிக் கிடக்கும். இடையில் அந்தக் கரைக்கு மிக அண்மையில் பருவக்காற்றிலும் படைக்கப்பல் தங்கக்கூடிய ஒரே பெரிய மறைவு திருகோணமலை.

போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டு கோட்டை கட்டியதற்கும், ஒல்லாந்தர் அதை 1639இல் பிடித்ததற்கும் பின்னால் வேறு காரணங்களும் கலந்திருந்தன. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் சண்டைகள் முழுக்க இந்த மறைவுக்கானவை. 1782 ஒரே ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். தை மாதத்தில் அட்மிரல் ஹியூஸ் தலைமையில் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து இடத்தைப் பறித்தனர். ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதைப் பிரித்தானியரிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி இருவரின் கப்பல்களும் ஊருக்கு வெளியே கடலில் மோதின. எந்தப் பக்கமும் முழு வெற்றி பெறவில்லை, எனினும் இடத்தை இழந்திருந்த ஹியூஸ் பருவக்காற்றுக்குப் பயந்து பம்பாய்க்குப் போகவேண்டியதாயிற்று. சமாதான உடன்படிக்கையால் ஒல்லாந்தரிடம் திரும்பிய கோட்டையை 1795இல் பிரித்தானியர் மறுபடியும் கைப்பற்றி, பிறகு விடவே இல்லை. வந்தவர்களில் ஒருவரும் இங்கே மிளகும் துணியும் வாங்கி விற்கும் பெரிய சந்தையை எதிர்பார்த்து வரவில்லை. தங்கள் படைக்குத் தங்குமிடம் தேடி வந்தார்கள். ஹெரெ, பெயோர்க்.

அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் வணிகக் கப்பல்கள் இந்த ஊரைப் பொருட்படுத்தவில்லை. கோப்பியும் பின்னர் தேயிலையும் விளைந்தது மத்திய மலைநாட்டில். அங்கிருந்து பண்டம் இறங்கிவருவதற்கு வசதியான திசை மேற்கு. கொழும்புக்கும் கண்டிக்கும் இடையிலான ரயில் பாதை 1867இல் திறக்கப்பட்டுவிட்டது; திருகோணமலைக்கு ரயில் வர 1920கள்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. கொழும்புக்கு இயற்கை தந்த மறைவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தென்மேல் பருவக்காற்றில் அங்கே கப்பல் தத்தளிக்கும். ஆனால் வாசல் அங்கேதான் வேண்டியிருந்தது. ஆகவே 1875இல் வேல்ஸ் இளவரசரைக் கொண்டு அடிக்கல் நாட்டி, 1885அளவில் தென்மேற்கு அலைதடுப்பு மதிலைக் கட்டி முடித்து, செயற்கையாக ஒரு மறைவை உண்டாக்கிக்கொண்டார்கள். போர்ட் இருந்த இடத்துக்கு ஹாபரைக் கட்டிக் கொடுத்தார்கள்; ஹாபர் இருந்த இடத்துக்குப் போர்ட் கொண்டுவர எவருக்கும் அவசரம் இருக்கவில்லை. இதை மத்திய அரசு செய்த வஞ்சகம் என்று மட்டும் பேசுவோர் உண்டு. பிற்காலத்து அரசியலில் வஞ்சகத்துக்குக் குறைவில்லை என்பதை நானும் மறுக்கவில்லை; ஆனால் 1875இல் கணக்கைத் தீர்மானித்தவை மலைநாட்டுத் தோட்டங்களும் ரயில் பாதையுமே.

ஊர் தன் பழைய பொருளிலேயே தொடர்ந்தது. பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்தியப் பிரிவு இங்கே தளம் வைத்திருந்தது. சீனக்குடாவில் காட்டுக்குள் எழுந்த எண்ணெய்க் குதங்கள், இன்று ‘99 தாங்கிகள்’ என்று எல்லோர் வாயிலும் அடிபடும் அந்தக் குதங்கள், போர்க்கப்பல்களுக்கு எரிபொருள் வைக்கவே கட்டப்பட்டவை. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இந்தத் தளத்தின் முக்கியத்துவம் கூடியது. அதனாலேயே ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு வீசின. 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. இன்று பிரீமா ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வருகிறது, சீமெந்து ஆலைக்கு மூலப்பொருள் வருகிறது. ஆனாலும் உட்துறைமுகத்தின் வாயிலை அடுத்த பகுதி கடற்படையிடமே இருக்கிறது.

இந்த வேறுபாட்டைத் தமிழ் ஏன் கவனிக்கவில்லை என்ற கேள்வி எழும். கவனிக்காமலில்லை, வேறு விதமாகக் கூறுபோட்டது. ‘துறை’ என்பது நீருக்குள் இறங்கும் இடம்: ஆற்றில் குளிக்கும் படித்துறை, துணி வெளுக்கும் துறை, ஓடம் ஏறும் துறை. பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை என்று வடகரை முழுவதும் அந்தச் சொல் வரிசையாக நிற்கிறது. நிலத்தில் இருப்பவன் நீரை அணுகும் இடமே துறை. எனவேதான் அது கல்வித்துறை, சுகாதாரத்துறை என்று ஒரு விடயத்துக்குள் இறங்கும் வழியாகவும் விரிய முடிந்தது. ‘முகம்’ என்பது வாய், திறப்பு. கழிமுகம், முகத்துவாரம் என்பவற்றில் இருப்பது அதுவே. வணிகம் செழித்த கடலோர ஊருக்குப் ‘பட்டினம்’ என்ற தனிச்சொல்லும் இருந்தது. துறையும் முகமும் சேர்ந்த ‘துறைமுகம்’, இறங்கும் வழியையும் திறந்த வாயையும் சொல்கிறது; அதாவது இலத்தீன் ‘போர்த்துஸ்’ இருக்கும் பக்கத்தில் நிற்கிறது. மறைவு, தங்கல், காப்பு என்ற கருத்துகளில் ஒன்றுகூட அதில் இல்லை. ‘ஹாபர்’ என்ற பெயருக்குத் துறைமுகம் என்று எழுதுவதில் தவறு இல்லை, வழக்கம் நிலைத்துவிட்டது. வினைக்கு அதை இழுத்துவந்தால்தான் ‘கசப்பைத் துறைமுகப்படுத்தினாள்’ என்ற விபத்து நேர்கிறது.

ஏனென்றால் வினை கடற்கரைப் பக்கம் அதிகம் போகவே இல்லை; சத்திரத்திலேயே தங்கிவிட்டது. விருந்தினருக்கு இடம் கொடுத்தல் என்பதே அதன் பழம்பொருள். பின்பு, இடம் கொடுக்கக் கூடாத ஆளுக்கு இடம் கொடுத்தல் என்று ஒரு நிழல் படிந்தது. சட்டத்தில் இன்று நிலைத்திருப்பது அந்த நிழல்தான். 2024வரை நடைமுறையில் இருந்த 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 212ஆம் பிரிவு குற்றவாளிக்குப் புகலிடம் கொடுப்பதைத் தண்டித்தது; கணவனுக்கு மனைவியோ மனைவிக்குக் கணவனோ கொடுக்கும் புகலிடத்தை விலக்கிவிடும் ஒரு விதிவிலக்கும் அதில் இருந்தது. அதைப் பின்பற்றி இயற்றப்பட்ட 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையிலும் இந்தக் குற்றம் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலும் இதே வினை வருகிறது. போர்க்காலத்தில் இந்த ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. இரவில் கதவைத் தட்டிய ஒருவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்ததும் அந்த வினைக்குள் அடங்குமா என்று குடும்பங்கள் கிசுகிசுத்த காலம் அது. பழைய ஆங்கிலத்தில் விருந்தோம்பலாக இருந்த சொல் இங்கே வழக்குத்தாளில் வந்து ஏறியது.

ஆளிலிருந்து எண்ணத்துக்குப் போனது அடுத்த படி. கசப்பு, சந்தேகம், பகை, இரகசிய ஆசை ஆகியவற்றை வெளியே விடாமல் உள்ளே இடங்கொடுத்து வைத்திருப்பதற்கு இந்த வினை வரும். ஆங்கிலத்தில் இதோடு சேரும் சொற்களைக் கவனித்தால் பெரும்பாலும் தீயவை, அல்லது வெளியில் சொல்லத் தயங்குபவை. மகிழ்ச்சியையோ நன்றியையோ ஒருவர் ‘ஹாபர்’ செய்வதாக எழுதினால் படிப்பவருக்கு உறுத்தும். குற்றவாளியை ஒளித்துவைத்த வாசனை எண்ணத்துக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. தமிழில் இதற்குத் தனிச்சொல் தேடவேண்டியதில்லை. ‘மனதில வைச்சுக்கொண்டிருக்கிறான்’ என்று நாம் சொல்லும்போது எதை என்று சொல்லாமலே அது கெட்டது என்று எல்லோருக்கும் புரியும். பகையானால் ‘கறுவிக்கொண்டிருக்கிறான்’ என்போம், ‘வன்மம் வைத்திருக்கிறான்’ என்போம்.

புதிய வழக்குகளுள் மொழிபெயர்ப்பாளரை அலைக்கழிப்பது ‘சேஃப் ஹாபர்’. குறித்த நிபந்தனைகளைக் கடைப்பிடித்தவரை வழக்கிலிருந்து காக்கும் சட்ட ஏற்பாட்டுக்கு இது பெயர். பயனர் ஏற்றும் உள்ளடக்கத்துக்காக இணைய நிறுவனங்கள்மீது வழக்குப் போடுவதை மட்டுப்படுத்தும் 1998ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப் பகுதி இவ்வாறே அழைக்கப்படுகிறது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தனிநபர் தரவுகளைக் கொண்டுபோக இதே பெயரில் இருந்த ஏற்பாட்டை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2015இல் செல்லாததாக்கியது. அந்தச் செய்தியைத் தமிழில் தருபவர் ‘பாதுகாப்பான துறைமுகம்’ என்று எழுதினால் வாசகர் கப்பலைத் தேடுவார். ‘சட்டக் காப்பு’ என்றோ ‘பொறுப்பு விலக்கு’ என்றோ இடத்துக்கேற்ப எழுதுவதே முறை. ‘ஹேவன்’ என்ற இணைச்சொல்லில் இந்தச் சிக்கல் குறைவு. அதுவும் கப்பல் ஒதுங்கும் இடத்தைக் குறித்த வட நாட்டுச் சொல்தான், கோப்பன்ஹேகன் என்ற பெயரின் பின்பாதியில் இருப்பதும் அதன் உறவுதான், ஆனால் வரி ஏய்ப்போர் ஒதுங்கும் நாடுகளை ‘வரிப் புகலிடம்’ என்று தமிழ்ப் பத்திரிகைகள் தொடக்கத்திலேயே சரியாகப் பிடித்துக்கொண்டன.

மருத்துவத்திலும் உயிரியலிலும் இந்த வினை நிழல் எதுவும் இல்லாமல் வரும். ஒரு விலங்கு நோய்க்கிருமியைத் தன் உடலில் வைத்திருக்கிறது, தான் நோயுறாமலே இருக்கிறது என்றால் அதற்கு இதுவே சொல். சில வாரங்கள் கழித்து அதே வகுப்பில் வௌவால்கள் பல வகை வைரசுகளை ‘ஹாபர்’ செய்கின்றன என்ற வாக்கியத்தைக் கொடுத்தேன். முன்பு சிரித்தவர்களில் ஒருவன் ‘ஒளித்து வைத்திருக்கின்றன’ என்று எழுதினான். வௌவாலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாய் என்றேன். அந்த மாணவியின் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். முதலில் ஒரு சொல்லை எழுதி, இரண்டு கோடு போட்டு வெட்டி, அதற்கு மேலே, ‘வௌவால்களின் உடலில் பல வகை வைரசுகள் தங்கியிருக்கின்றன’ என்று எழுதியிருந்தாள்.